சிவப்பு வைத்த முனை

நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காரின் போட்டோ வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நீங்களெல்லாம் கைதட்டுகிற பொம்மையும் இதயப் பொம்மையுமாகப் போட்டுத் தள்ளினீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. “என்னடி, வாயாடிக்கே வாய் அடைச்சுப் போச்சா?” என்று நம் வகுப்பு லீடர் கேட்டிருந்தாள். அடைத்துத்தான் போனது.

லீடரின் மகன் இரண்டு வருஷமாக அந்தக் காரோடு மல்லுக்கட்டிப் பழையபடி ஆக்கியிருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு நாம் கூடும்போது நாலு நாலு பேராக ஏற்றி ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஒரு சுற்று விடப்போகிறான் என்பதும் தெரியும். அந்தக் காரை எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும் என்பதும், அது ஒரு தடவை எரிந்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. கூடுகையன்று வெளியிடுகிற மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தா, பழைய நினைவாக ஜாலியாக இருக்கட்டும் என்றீர்கள். ஜாலிக்கு வேறு ஆளைப் பாருங்கள். நான் இதைத்தான் எழுதப் போகிறேன், ஒரு பக்கத்தில் அடங்காது.

எங்கள் வீடு அரியமங்கலத்தில் இருந்தது. வீடு என்றால் முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் ஒரே ஓர் அறை. கொட்டகையில் அப்பா லாரிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்த்தார். அம்மா தாளிக்கிற வாசனையும் பேட்டரி ஆசிட் நெடியும் ஒன்றாகத்தான் வரும். ஆசிட் தெறித்து என் பாவாடைகளில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருக்கும். நீங்கள் என்னைச் ‘சல்லடை’ என்று கூப்பிட்டது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை, போகட்டும்.

ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், ஆடிக் காற்று புழுதியை வாரிக் கொண்டிருந்த ஒரு காலையில் அந்தக் கார் வந்தது. வந்தது என்ன, ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மேல்மூடி மடங்குகிற திறந்த கார். இங்கிலீஷ்காரன் காலத்தது. முகப்பு விளக்குகள் இரண்டும் அம்மாவின் வடைச்சட்டி அளவு இருந்தன. பின் சீட்டைத் தூக்கினால் எலிக்கூடு. அந்த மக்கல் வாடை எங்கள் அறை வரைக்கும் வந்து ஒரு வாரம் போகவில்லை.

ஸ்டீயரிங் பிடித்து வந்தவர் வெள்ளை யூனிஃபார்ம் போட்ட டிரைவர். பாலக்கரைக்காரர். ஓடாத வண்டியாக இருந்தாலும் ஸ்டீயரிங்கில் கை வைக்கும் முன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். அவர் மகள் நம் வகுப்பு. இரண்டாம் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். யாரென்று இந்நேரம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

கார் ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவருடையது. வேறொரு டாக்ஸியில் பின்னாலேயே வந்து இறங்கினார். கையில் சட்டம் போட்ட ஒரு போட்டோ. அவருடைய அப்பா மாப்பிள்ளைக் கோலத்தில் இதே காரில் உட்கார்ந்திருக்கிற போட்டோ. ஐப்பசியில் வக்கீல் மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வருகிற ஜானவாசம் இந்தக் காரில்தான் நடக்க வேண்டும்.

“இதோ பாருப்பா. எங்க தோப்பனார் வச்சிருந்தது எப்படியோ அப்படியே வேணும். புதுசா ஒரு ஆணிகூட அடிக்கப்படாது. புரியறதா?”

“பண்ணிடலாம் சாமி. ஏத்திட்டுப் போறவங்க உயிருக்கு நான் பொறுப்பு” என்றார் அப்பா. உயிரைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏன் இவுங்க வாயில இப்படி வருது?” என்று முணுமுணுத்தாள்.

அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் போட்டோதான் சட்டம். வாரம் ஒரு முறை வக்கீல் வருவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போட்டோவைப் பார்ப்பார், காரைப் பார்ப்பார். ஹாரனில் ரப்பர் உருண்டை புதிதாகப் பளபளத்தால் குற்றம். ஆணியின் தலை வேறு வடிவமாக இருந்தால் குற்றம். திரும்பும் பக்கத்தைக் காட்ட, கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கை ஒன்று நீட்டிக்கொண்டு வரும். அதில் வலப்பக்கத்துக் கை ஒடிந்திருந்தது. அதற்காக அப்பா காந்தி மார்க்கெட் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் நாலு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தார். கிடைத்த அன்றைக்கு எங்களுக்கு முறுக்கு வாங்கி வந்தார்.

ஒயர்தான் பெரிய பாடு. அந்தக் காலத்துக் காரில் ரப்பர் ஒயருக்கு மேல் பருத்தி நூல் பின்னியிருக்கும். மஞ்சளில் ஒரு பச்சை இழை, பழுப்பில் ஒரு நீல இழை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அதை இனி எங்கே போய் வாங்குவது? உறையூரில் கோயில் குடைகளுக்குக் குஞ்சமும் கயிறும் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அப்பா அவரிடம் ஒயரைக் கொடுத்து, மேலே நூல் பின்னி வாங்கி, அரக்கைக் கரைத்துப் பூசிக் கொட்டகையில் கொடி கட்டிக் காயப்போட்டார். வீடெல்லாம் அரக்கு வாசனை. எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது எங்காவது புது மேஜைக்குப் பாலிஷ் போட்டிருந்தால்கூட எழுந்து வெளியே வந்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு அந்த ஒயர் அழகாக இருந்தது. ஆனால் பயமாகவும் இருந்தது. பழைய பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் ஒன்றை, டைனமோவிலிருந்து பேட்டரிக்கு வரும் ஒயரில் பொருத்தினார். தப்பாக ஏதாவது நடந்தால் முதலில் அது எரிந்து போய்விடும், வண்டி பிழைக்கும். மறுநாள் வக்கீல் வந்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

“இது என்ன, வெள்ளையா?”

“ஃபியூஸுங்க சாமி. பாதுகாப்புக்கு.”

“எங்கப்பா வண்டியிலே இந்த எடத்திலே இது கெடையாதே. அவர் முப்பது வருஷம் ஓட்டினார். எரிஞ்சா போயிட்டார்? எடுத்துடு.”

அப்பா தலையைச் சொறிந்தார். “நல்ல ஒயருதான். மாட்டுறது சரியா மாட்டினா ஒண்ணும் ஆகாது” என்று தனக்கே சொல்லிக்கொண்டு கழற்றினார். கழற்றிய பீங்கானை நான் எடுத்துக்கொண்டேன். சொப்புச் சாமானோடு சேர்த்து அதில் மண் இட்லி வார்த்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா டிரைவரை உட்கார வைத்து ஒரு விஷயம் சொன்னார். நான் பக்கத்தில் இட்லி வார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, இந்த வண்டிக்குப் பாடிதான் பாசிட்டிவ், பேட்டரியோட பாசிட்டிவ் முனைய வண்டியோட இரும்பு பாடியிலதான் மாட்டணும். இப்ப ஓடுற லாரிக்கெல்லாம் நேர் எதிரு. பேட்டரிய மாத்தி மாட்டிட்டீங்கன்னா, நின்னுட்டு இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது. வெளக்கு எரியும், ஸ்டார்ட்டும் ஆகும். வெளக்கு போட்டா, ஸ்டீயரிங் பக்கத்து மீட்டர்ல முள்ளு மட்டும் எடது பக்கம் சாயறதுக்குப் பதிலா வலது பக்கம் சாயும். ஆனா ஆக்ஸிலேட்டர மிதிச்சு டைனமோ வேலைக்கு வந்துச்சு, போச்சு. ரெண்டும் முட்டிக்கும். நடுவுல ஒயரு திரி மாதிரி எரியும்.”

“அய்யய்யோ. அப்ப நான் எதுக்குண்ணே தொடறேன்?”

“தொடற நேரம் வரும்ல. பாடிக்குப் போற முனையில நான் செகப்பு பெயிண்டு வச்சுத் தரேன். செகப்பு பாடிக்கு. அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.”

“செகப்பு பாடிக்கு. மனப்பாடம்ண்ணே” என்றார் டிரைவர். அதற்கும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

புரட்டாசி முடிவதற்குள் கார் ஓடியது. வெள்ளோட்டமாகக் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தது. ஆற்றில் செம்மண் நிறத்தில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. பேட்டரி மட்டும் தாங்கவில்லை. புதுப் பேட்டரி வைக்கலாம் என்றால், வக்கீலுக்கு அந்தக் கறுப்பு ரப்பர்ப் பெட்டிதான் வேண்டும். அதனால் அப்பா பேட்டரியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, பழைய பெட்டிக்குள் புதுத் தட்டுகள் வைத்து, ஈயம் உருக்கி முனைகள் வார்த்தார். ஒன்று கொஞ்சம் தடி, ஒன்று கொஞ்சம் மெல்லிசு. கடைப் பேட்டரியில் இருக்கிற கூட்டல் குறி, கழித்தல் குறி ஒன்றும் அதில் இல்லை. ஆயுத பூஜையன்று காலையில் அதைப் பூஜை மனைப்பலகையில் தூக்கி வைத்து, தடி முனையில் சிவப்பு பெயின்ட்டைத் தொட்டு வைத்துவிட்டு வெளியே போனார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. மறுநாள் விஜயதசமி சாயங்காலம் ஜானவாசம்.

உங்கள் வீடுகளில் புத்தகத்தை வைத்துக் கும்பிட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் ஸ்பேனர், சுத்தியல், பற்றவைக்கும் கோல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மனையில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்போம். பூஜை போட்டுவிட்டால் மறுநாள் காலை பூஜை பிரிக்கும் வரைக்கும் எதையும் தொடக்கூடாது. தொட்டால் ஆயுதம் கையைப் பதம் பார்க்கும் என்பார் அப்பா. துடைக்கிற வேலை வருஷா வருஷம் எனக்கு. அந்த வருஷம் பேட்டரியும் மனையில் இருந்தது.

அதையும் துடைத்தேன். யாரும் சொல்லவில்லை. கறுப்புப் பெட்டி பளபளக்கட்டுமே என்று நன்றாகவே துடைத்தேன். ஒரு பக்கம் முடித்து, சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்து மறுபக்கமும் துடைத்தேன். அப்புறம் பார்த்தால் மண்ணெண்ணெய்த் துணி சிவப்பாக இருந்தது. பெயின்ட் காயவே இல்லை. மொத்தமும் துணியோடு வந்துவிட்டது.

அப்பா அடிக்கமாட்டார். ஆனால் முறைத்தால் அன்றைக்கு முழுவதும் பேசமாட்டார், அது அடியைவிட மோசம். நல்ல நாளில் அது வேண்டாம் என்று நினைத்தேன். துடைக்க ஆரம்பித்தபோது சிவப்பு என் இடது கைப் பக்கம் இருந்தது. அது நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மாவின் குங்குமத்தைத் துளி எண்ணெயில் குழைத்து, இடது கைப் பக்கத்து முனையில் தடவினேன். பெயின்ட்டேதான், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அதன் பிறகு எல்லா ஆயுதங்களுக்கும் பொட்டு வைத்தேன்.

நான் இடம் மாறி உட்கார்ந்திருந்தேன். என் இடது கையும் என்னோடு இடம் மாறியிருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

பூஜை முடிந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தோம். சாயங்காலம் டிரைவர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்.

“சாமி விடியறதுக்குள்ள வண்டிய தெருவுல நிறுத்தணுங்கறாரு. பூக்காரங்க காலையில வந்துடுவாங்களாம்.”

“நாளைக்குக் காலையில பூஜை பிரிச்சதும் நானே வந்து மாட்டுறேன்னு சொல்லுங்க. இப்ப நான் ஸ்பேனர தொடமாட்டேன்” என்றார் அப்பா.

“சொல்லிப் பாத்தேண்ணே. காதுல வாங்கல. நான் மாட்டிக்கிறேன். செகப்பு பாடிக்கு, அம்புட்டுதானே?”

அப்பா யோசித்தார். பிறகு பேட்டரிக்குப் பக்கத்தில் குனிந்து, தொடாமல், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். சந்தனமும் குங்குமமுமாக இருந்த அத்தனை சாமான்களுக்கு நடுவில் ஒரு முனை சிவப்பாக இருந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் விரலால் தடவியிருப்பார், மீட்டர் வைத்துப் பார்த்திருப்பார். மீட்டரும் பொட்டு வைத்துக்கொண்டு மனையில் இருந்தது.

“ஆமாண்ணே. செகப்பு பாடிக்கு. நீங்களே தூக்கிக்குங்க, நான் தொடக்கூடாது.”

டிரைவர் தூக்கிப் போனார். எனக்கு எதிரேதான் போனார். “உன் சிநேகிதியும் நாளைக்கு வரா பாப்பா, வந்துடு” என்றார்.

மறுநாள் காலை பூஜை பிரித்தார்கள். மனையைக் கழுவச் சொன்னாள் அம்மா. கழுவினேன். மனையில் ஒரு சிவப்புச் சொட்டு மட்டும் போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. அப்பா முனையில் பெயின்ட் வைத்தபோது கீழே சிந்தியது அது. வாசல் பக்கத்து ஓரத்தில் இருந்தது. நான் குங்குமம் வைத்தது உள்ளறைப் பக்கத்து முனையில். கையில் தேங்காய் நாரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லப் பார்த்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். பஸ்ஸில் போகும்போது சொல்லப் பார்த்தேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, முடிக்கு எண்ணெய் வைத்து, ரொம்ப நாளைக்கு அப்புறம் சந்தோஷமாக இருந்தார். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. “அப்பா, அந்த வண்டி எரிஞ்சு போயிடுமா?” என்று கேட்டேன். முடிக்கும் முன்னே அம்மா என் வாயில் ஒன்று வைத்தாள்.

“நல்ல நாளும் அதுவுமா வாயப் பாரு! கல்யாண வீட்டுக்குப் போறப்ப கேக்கற கேள்வியா இது? நாக்கக் கடிச்சுக்கோ.”

பக்கத்து சீட்டு அம்மாளும், “கொழந்தைங்க வாயில கெட்டது வரக்கூடாதும்மா, பலிச்சிடும்” என்றாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். காவேரிப் பாலத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மழை பெய்யவில்லை. பெய்திருக்கலாம்.

சின்ன அனுமார் சந்நிதி வாசலில் கார் தயாராக நின்றது. எஞ்சின் மூடி மேல் சாமந்தியும் மல்லியும் சரம் சரமாகக் கட்டியிருந்தார்கள். அப்பா நேராகப் போய் மூடியில் கை வைத்தார்.

“ஒரு தடவ தொறந்து பாத்துடறேன் சாமி.”

“பூவெல்லாம் போயிடும்ப்பா! மூணு மணி நேரம் கட்டியிருக்கா. வண்டிதான் ஜம்முனு ஸ்டார்ட் ஆயிடுத்தே, அப்புறம் என்ன? நீ போய் டிபன் சாப்பிடு.”

அப்பா கையை எடுத்துக்கொண்டார். டிரைவரைப் பார்த்து, “செகப்பு பாடிக்குத்தானே?” என்று கேட்டார். “ஆமாண்ணே, அப்படித்தான்” என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஜானவாசக் காரில் மாப்பிள்ளையைச் சுற்றிக் குழந்தைகளை அடைப்பது வழக்கம். பின்னால் ஆறேழு குழந்தைகள் ஏறியாகிவிட்டது. வக்கீல் வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். “வண்டியைச் சரி பண்ணினவன் பொண்ணா? அவளும் ஏறட்டும்” என்று தூக்கி முன் சீட்டில் வைத்தாள். டிரைவர் மகள் முன்பே அங்கே இருந்தாள். ரோஸ் கவுன், தலையில் ரிப்பன். அவள் அப்பாவின் தொப்பியைத் தன் மடியில் வைத்திருந்தாள். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

நாதஸ்வரம் முன்னால், காஸ் லைட்டுகள் இரு பக்கமும், கார் நடை வேகத்தில் பின்னால். டிரைவர் விளக்கைப் போட்டார். எனக்கு நேரே மீட்டர் இருந்தது. முள் வலது பக்கம் சாய்ந்தது.

அந்த முள்ளைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த வீதியில் மூன்றே பேர். அப்பா பின்னால் கூட்டத்தில் நடந்து வந்தார். டிரைவர் வழி மறிக்கிற பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நான். அவள் காதில், “இறங்கிடலாம் வாடி” என்றேன். “லூசாடி நீ? இப்பதானே ஏறினோம்” என்று சிரித்தாள். இன்னொரு தடவை கேட்டேன். அவள் கையை உதறிக்கொண்டாள்.

அப்போது நான் செய்ததைத்தான் இத்தனை வருஷமும் என்னால் விழுங்க முடியவில்லை. முள்ளைப் பாருங்கள் மாமா என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. நான், “மாமா, ஒண்ணுக்கு வருது” என்றேன்.

டிரைவர் காரை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார். “ஓடிப் போயிட்டு ஓடியா” என்றார். நான் ஒரு வீட்டுச் சுவரோரம் போய் நின்றேன். ஒண்ணுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. கார் எனக்காகக் கொஞ்ச நேரம் நின்றது. நாதஸ்வரக்காரர்கள் தெரு முனை வரைக்கும் போய்விட்டார்கள். யாரோ, “வண்டி ஏன் நிக்கறது? போ, போ” என்று கத்தினார்கள். பிடித்துவிடலாம் என்று டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

முதலில் அரக்கு வாசனை வந்தது. அப்புறம் மல்லிகைச் சரங்களுக்கு இடையிலிருந்து புகை வந்தது. நீலமாக, மெல்லிசாக, ஊதுவத்திப் புகை என்று ஒரு மாமி சொன்னது கேட்டது. அப்புறம் மீட்டருக்குக் கீழே ஒயர் முழுவதும் சிவந்து, பருத்தி நூல் திரியாகப் பற்றியது.

“எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!” என்று டிரைவர் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை மாலையோடு கீழே குதித்தார். குழந்தைகளை யார் யாரோ தூக்கினார்கள். டிரைவர் தன் மகளைத் தூக்கிக் கூட்டத்தின் மேல் எறிந்தார். எறிந்துவிட்டு மறுபடி உள்ளே ஏறினார். காலடிப் பலகையைப் பெயர்த்து, அதன் கீழே இருந்த பேட்டரியின் கேபிளை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். கேபிள் கையோடு வந்தது. கையின் தோல் கேபிளோடு போனது.

அப்பா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஆட்கள் தண்ணீரும் மண்ணும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் குழாய்க்குச் சாண் தூரத்தில் தீ நின்றிருந்தது. ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணம்கூட மறுநாள் காலையில் நடந்தது, நாதஸ்வரம் கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள் என்று கேள்வி.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டிரைவருக்கு முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. அவர் மகள் கட்டில் ஓரத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள்.

“மாத்தி மாட்டியிருக்கீங்கண்ணே” என்றார் அப்பா. “தடி முனைதானே பாடிக்கு? மெல்லிசு முனையில பாடி கிளாம்ப்பு கெடக்கு.”

“செகப்பத்தான் பாடிக்கு மாட்டினேன். ஒண்ணு லொடலொடங்குது, ஒண்ணு ஏறவே இல்ல. தகரத்த மடிச்சு வச்சு, இன்னொண்ண நெம்பி விரிச்சுத் தட்டினேன். என்னமோ சரியில்லன்னுதான் பட்டுச்சு. ஆனா நீங்க வச்ச செகப்பாச்சேண்ணே.”

“தடி முனையிலதான் நான் செகப்பு வச்சேன்.”

“இல்லண்ணே. மெல்லிசு முனையிலதான் இருந்துச்சு. மாதா மேல சத்தியம்.”

“பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க” என்றார் அப்பா.

தண்ணீர் ஊற்றியதில் பேட்டரி மேல் ஒரு சிவப்பும் மிச்சமில்லை. இரண்டு பேரும் உண்மையைச் சொன்னார்கள், இரண்டு பேரும் மற்றவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தார்கள். நான் அங்கேதான் நின்றேன், கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு. என் நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் குங்குமம் இருந்தது.

வக்கீல் டிரைவரை நிறுத்திவிட்டார். ‘வேலை தெரியாதவன்’ என்ற பேர் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரை வரைக்கும் பரவியது. வலது கையில் மூன்று விரல் மடங்காமலே போனது, அந்தக் கையில் ஸ்டீயரிங் நிற்காது. மருங்காபுரிப் பக்கம் அவர் மனைவியின் ஊருக்குப் போய்விட்டார்கள். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் டி.சி. வாங்க அவள் வந்திருந்தாளே, நினைவிருக்கிறதா? பெஞ்சுக்கு அடியிலிருந்து தன் சிலேட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். என்னிடம் மட்டும், “எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருடி” என்றாள். நான் “ம்” என்றேன்.

அப்பா அதற்குப் பிறகு பழைய கார் எதையும் தொடவில்லை. “பாவம் மனுஷன், கை போச்சு. ஆனா மாதா மேலயே பொய் சொன்னானே” என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை வரைக்கும் வரும். கல்யாணம் ஆகட்டும், குழந்தை பிறக்கட்டும், அவருக்கு உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன். உடம்பு தேறவில்லை. அவரும் போய்விட்டார்.

போன மாதம் லீடரின் மகன் எனக்குப் போன் செய்தான். “ஆன்ட்டி, இந்தக் கார மொதல்ல உங்கப்பாதான் பண்ணாராமே? வண்டிய வித்த வக்கீல் வீட்டுல சொன்னாங்க. ஒரிஜினலா சார்ஜிங் லைன்ல ஃபியூஸ் இருந்துச்சா? புக்ல இல்ல. இல்லாதத நான் போட மாட்டேன், ஒரிஜினலாத்தான் இருக்கணும்.” குரலில் அதே பிடிவாதம். “இருந்துச்சுப்பா” என்று பொய் சொன்னேன். சொப்புப் பெட்டியில் இத்தனை வருஷம் கிடந்த பீங்கானைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “ஐயோ ஆன்ட்டி, பொக்கிஷம்!” என்று குதித்தான். என் கண் முன்னால் பொருத்தச் சொன்னேன். பேட்டரிக்கு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி, இரண்டு தடவை பார்க்க வைத்தேன். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தைரியமாக ஏறலாம். நான் ஏறமாட்டேன்.

அத்தோடு விட்டிருப்பேன். வாயை மூடியே பழகிவிட்டது. ஆனால் நீங்கள் எப்படியோ அவளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நேற்றுக் காலை குழுவில் சேர்த்தீர்கள். எல்லாருக்கும் ஒரு வணக்கம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு வருகிறேன் என்றாள். அவளுக்காக லீடர் காரின் போட்டோவை மறுபடி போட்டாள். ராத்திரி ஒரு வரி போட்டிருந்தாள்: “இது எங்க அப்பா ஓட்டுன வண்டி. அப்பா இருந்திருந்தா பாத்துட்டு அழுதிருப்பாரு.”

நீங்கள் எல்லாரும் அதற்கும் இதயம் போட்டிருக்கிறீர்கள்.

இதை மலரில் போடுங்கள், போடாமல் இருங்கள். நான் இங்கே குழுவிலேயே போட்டுவிடுகிறேன். மற்றவர்கள் எழுந்து போய்க் காபி குடியுங்கள். இனி நான் பேசுவது அவளோடு.

உன் அப்பா மாதா மேல் பொய் சொல்லவில்லை. சிவப்பைத்தான் பாடிக்கு மாட்டினார். அந்தச் சிவப்பை வைத்தவள் நான்.